புயலுக்குப் பின் ஏரிக்கரையில் கருமுதுகு ஆலா

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஒரு புயல் கரையைக் கடந்தால், அது வலுவிழந்து மேற்கே நகரும்போது பெரும்பாலும் எங்கள் வட ஆற்காட்டுப் பகுதியின் வழியாகத்தான் போகும். 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்த வர்தாவும், 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டிப் புதுச்சேரிக்கு அருகே கரையேறிய நிவரும், 2022 டிசம்பர் 9 இரவில் மாமல்லபுரத்தை ஒட்டி வந்த மாண்டஸும் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் காற்றையும் மழையையும் கொண்டுவந்து கொட்டின. அப்போதெல்லாம் ஊரில் பேச்சு முழுவதும் பாலாற்றில் தண்ணீர் வருமா, எந்த ஏரி நிரம்பிக் கோடி போனது என்பதாகவே இருக்கும். பறவைகளைக் கவனிப்பவர்களுக்கு அந்த நாட்களில் இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. காற்றோடு கடலிலிருந்து எந்தப் பறவை உள்ளே தள்ளப்பட்டு வந்திருக்கும், அது எந்த வயலில் விழுந்து கிடக்கும் என்பதே அது.

வேலூரிலிருந்து கடற்கரை நேர்கோட்டில் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். தரையை அண்டாமல் நடுக்கடலில் வாழும் பறவை ஒன்று இங்கே வந்து விழுவது அரிது என்றாலும் நடக்கக்கூடியதுதான். அப்படி வரக்கூடியவற்றில் முதலில் நினைவுக்கு வருவது, பறவை நோக்கர்கள் சூட்டி டெர்ன் என்று சொல்லும் கருமுதுகு ஆலா. விழுந்து கிடப்பது இந்தப் பறவைதானா என்று சரியாகத் தெரிந்துகொள்வது குறிப்பேட்டில் ஒரு பெயரை ஏற்றுவதற்காக மட்டும் அல்ல. அதை அடுத்து என்ன செய்வது, என்ன செய்யவே கூடாது என்பது அந்தப் பெயரைப் பொறுத்தே அமைகிறது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஆலாக்கள் எங்கள் ஏரிகளுக்குப் புதியவை அல்ல. பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் வெட்டப்பட்ட காவேரிப்பாக்கம் ஏரியில் நீர் நிறைந்திருக்கும் குளிர்காலத்தில் மீசை ஆலாக்கள் தாழ்வாகப் பறந்து, நீர்ப்பரப்பை அலகால் தொட்டுத் தொட்டு இரை பொறுக்குவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். மஞ்சள் அலகும் சிவந்த கால்களும் கொண்ட ஆற்று ஆலாவும் உள்நாட்டு நீர்நிலைகளுக்கு உரியதுதான். இவற்றின் முதுகும் இறக்கையும் வெளிர் சாம்பல் நிறம். ஆகவே ஓர் ஆலாவின் முதுகு முழுவதும் கருமையாகவும், தொண்டையும் மார்பும் வயிறும் தூய வெள்ளையாகவும், அலகும் கால்களும் கறுப்பாகவும் இருந்தால், அது நம் ஏரிக்கு உரியதல்ல என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிடலாம்.

அதற்குப் பிறகுதான் கடினமான கேள்வி வருகிறது. இதே போன்ற தோற்றமுடைய இரண்டு கடல் ஆலாக்கள் இந்தியப் பெருங்கடலில் இருக்கின்றன. ஒன்று கருமுதுகு ஆலா. மற்றொன்று பிரைடில்டு டெர்ன் என்று அழைக்கப்படும் பழுப்புமுதுகு ஆலா. இரண்டுக்கும் தலையின் மேற்பகுதி கறுப்பு, நெற்றி வெள்ளை, அலகிலிருந்து கண்ணுக்கு ஒரு கறுப்புக் கோடு, வால் ஆழமாகப் பிளந்தது. உயரத்தில் பறக்கும்போது அனுபவமுள்ளவர்களே தயங்குவார்கள். கையில் இருக்கும் பறவையில் மட்டும் தயங்க வேண்டியதில்லை, ஏனென்றால் தலையை ஒருக்களித்துப் பார்த்தாலே பெரும்பகுதி விடை கிடைத்துவிடும்.

பார்க்க வேண்டியது நெற்றி வெள்ளை எங்கே முடிகிறது என்பதை. கருமுதுகு ஆலாவில் அந்த வெள்ளை அகலமான திட்டாக இருக்கும். கண்ணுக்கு நேர் மேலே வந்ததும் மழுங்கலாக நின்றுவிடும், கண்ணைத் தாண்டாது. பழுப்புமுதுகு ஆலாவில் வெள்ளை குறுகியது. விரலால் இழுத்த விபூதிக் கீற்றைப் போலக் கண்ணுக்குப் பின்னாலும் நீண்டு புருவமாகப் போகும். இந்த ஓர் அடையாளத்தை மட்டும் தெளிவான பக்கவாட்டுப் படத்தில் காண முடிந்தால், வளர்ந்த பறவைகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் வேறெதையும் தேட வேண்டிய அவசியம் இருக்காது.

இரண்டாவதாக முதுகின் நிறம். இதை இரண்டாவதாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கருமுதுகு ஆலாவுக்கு உச்சந்தலையிலிருந்து வால் வரை ஏறக்குறைய ஒரே கருமைதான். தலை எங்கே முடிந்து முதுகு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பழுப்புமுதுகு ஆலாவுக்குத் தலை கறுப்பு, முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, இரண்டுக்கும் நடுவே பிடரியில் வெளிறிய பட்டை ஒன்று. நல்ல வெளிச்சத்தில், இறகுகள் உலர்ந்திருக்கும்போது, இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஆனால் புயலில் விழும் பறவை நம் கைக்கு வரும்போது சேறும் மழைநீரும் ஊறிய நிலையில்தான் இருக்கும். நனைந்த பழுப்பு கறுப்பாகத் தோன்றும். பிடரி இறகுகள் ஒட்டிக்கொண்டால் பட்டையும் மறைந்துவிடும். கைப்பேசிப் படத்தில் மேகமூட்டத்து வெளிச்சமும் சேர்ந்துவிட்டால் எல்லா ஆலாவும் கருமுதுகு ஆலாவாகவே தெரியும். ஆகவே முதுகின் நிறத்தை மட்டும் சாட்சியாக வைத்துப் பெயர் சொல்வதை நான் ஏற்பதில்லை. தலையைப் பார்த்துவிட்டு, முதுகை உலர்ந்த பிறகு இன்னொரு முறை பார்ப்பதே சரியான வரிசை.

உருவ அளவும் உதவும், ஆனால் குறைவாகத்தான். கருமுதுகு ஆலாவின் இறக்கை விரிப்பு 82 முதல் 94 சென்டிமீட்டர் வரை இருக்கும். பழுப்புமுதுகு ஆலாவுக்கு அது சுமார் 80. எடையில் கருமுதுகு ஆலா சராசரியாக 200 கிராமை ஒட்டியது, மற்றது அதைவிடத் தெளிவாக இலேசானது. ஆனால் பல நாள் பட்டினி கிடந்த பறவையின் எடையை வைத்து இனத்தைத் தீர்மானிக்கக் கூடாது.

இளம்பறவை வந்தால் நிலைமையே வேறு. முதல் ஆண்டுக் கருமுதுகு ஆலாவைப் பார்ப்பவர்கள், அது தாய்ப்பறவையின் இனம்தான் என்று எளிதில் நம்பமாட்டார்கள். தொண்டையும் மார்பும்கூடப் புகைக்கரி நிறத்தில் இருக்கும், பின்வயிறு மட்டுமே வெளிறியிருக்கும், முதுகிலும் இறக்கைகளிலும் இறகு நுனிதோறும் வெண்புள்ளிகள் வரிசையாகத் தெரியும். உடல் முழுவதும் இருண்டிருப்பதால் இதை நாடி என்னும் வேறொரு கடற்பறவையோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. பழுப்பு நாடியின் வாலில் ஆழமான பிளவு கிடையாது, முதுகில் புள்ளிகளும் கிடையாது. பழுப்புமுதுகு ஆலாவின் குஞ்சுக்கோ தொடக்கத்திலிருந்தே அடிப்பகுதி வெள்ளைதான். ஆகவே கருத்த மார்பும் புள்ளி விழுந்த முதுகும் பிளந்த வாலும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் அது கருமுதுகு ஆலாவின் இளம்பறவை என்பதில் ஐயமில்லை. வயதுவந்த பறவைகளைவிட இளம்பறவையை உறுதி செய்வதே எளிது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, புயல் ஓய்ந்த மறுநாள், காவேரிப்பாக்கம் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் அட்டைப்பெட்டி ஒன்றை இருசக்கர வண்டியில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் அனுப்பிவைத்திருந்தார். “வரப்புல கெடந்துச்சு சார். நாலு காக்கா சேந்து கொத்திக்கினு இருந்துச்சு. தண்ணிப் பறவைதானே, ஏரியில விட்டா பொழைச்சுக்கும்னு நெனைச்சேன். எங்கம்மாதான் மொதல்ல யாரையாவது கேளுடான்னாங்க,” என்றார். அந்த அம்மாவின் சொல்லை அவர் கேட்டது நல்லதாயிற்று.

பெட்டிக்குள் இருந்த பறவை நிற்கவில்லை. மார்பைத் தரையில் அழுத்திப் படுத்திருந்தது. நீண்ட இறக்கைகளின் நுனிகள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டிருந்தன. கையை நீட்டியதும் ஊசியாகக் கூர்ந்த கறுப்பு அலகைத் திறந்து சீறியது. துணியால் மூடி எடுத்து மார்பைத் தடவிப் பார்த்தபோது நடுவெலும்பு புடைத்து விரலில் தட்டியது. இருபுறமும் இருக்க வேண்டிய பறப்புத் தசை வற்றிப்போயிருந்தது. வயிற்று இறகுகள் சேற்றில் ஒட்டிக் கொத்துக் கொத்தாக இருந்தன. தலையைத் திருப்பிப் பார்த்தேன். நெற்றி வெள்ளை கண்ணோடு நின்றிருந்தது. வாலின் இரண்டு ஓர இறகுகளும் வெளிவிளிம்பில் வெள்ளையாக இருந்தன. மாலையில் இறகுகள் உலர்ந்த பிறகும் பிடரியில் பட்டை எதுவும் தெரியவில்லை. தலையிலிருந்து முதுகு வரை ஒரே கருமை. வளர்ந்த கருமுதுகு ஆலா.

“ஏரியில விடலாமா சார்?” என்று அவர் மறுபடி கேட்டார். “வேண்டாம் தம்பி, தண்ணியில விட்டா மூழ்கிடும்,” என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கடற்பறவை தண்ணீரில் மூழ்கும் என்றால் யாருக்குத்தான் உடனே நம்பிக்கை வரும்? ஆனால் இந்த இனத்தைப் புரிந்துகொள்வதற்கான வாசல் அந்தக் கேள்விதான்.

வாத்துகள் போன்ற நீர்ப்பறவைகளின் இறகுகள் நீரை ஒட்டவிடாமல் தடுப்பவை. கருமுதுகு ஆலாவின் இறகுகளுக்கு அந்தத் திறன் குறைவு. நீரில் அமர்ந்தால் சிறிது நேரத்திலேயே நனைந்து கனத்துப்போகும். ஆகவே அது கடலில் வாழ்ந்தும் கடலில் அமர்வதில்லை. பழுப்புமுதுகு ஆலாவாவது மிதக்கும் மரக்கட்டையிலும் குப்பையிலும் ஏறி நின்று இளைப்பாறும். கருமுதுகு ஆலா அதையும் அரிதாகவே செய்கிறது. இரவும் பகலும் பறந்துகொண்டே இருப்பதுதான் அதன் வாழ்க்கை. பறந்தபடியே சிறு சிறு தூக்கங்களாகத் தூங்கிக்கொள்கிறது என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

செஷல்ஸ் தீவுக்கூட்டத்தில் கூடு கட்டும் கருமுதுகு ஆலாக்களின் கால்களில், வெளிச்சத்தையும் உப்புநீர்த் தொடுதலையும் பதிவு செய்யும் சிறு கருவிகளைப் பொருத்தி ஆய்வாளர்கள் அவற்றின் போக்கைப் பின்தொடர்ந்தனர். கூடு கட்டாத மாதங்களில் அவை இந்தியப் பெருங்கடல் எங்கும் பரவிச் சென்றன. சில வங்காள விரிகுடா வரைக்கும் வந்தன. நீரைத் தொட்டிருந்த நேரம் மொத்தத்தில் மிகச் சொற்பம். இரவில் அவை நீரில் இறங்கியதாகவே கருவிகள் காட்டவில்லை. நம் கடற்கரைக்கு அப்பால், நமக்குத் தெரியாத தொலைவில், இந்தப் பறவைகள் ஆண்டுதோறும் பறந்துகொண்டிருக்கின்றன என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. வட ஆற்காட்டு வயலில் விழுந்த பறவை எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாவிட்டாலும், அது வங்கக் கடலில் வழிதவறி வந்த விருந்தாளி அல்ல என்று சொல்ல இது போதும்.

நீரில் இறங்காத பறவை எப்படி இரை தேடும் என்ற கேள்விக்கு விடை சூரை மீன்களிடம் இருக்கிறது. சூரைக் கூட்டம் அடியிலிருந்து துரத்தும்போது சிறுமீன்களும் கணவாய்களும் பறவைக் கோலா என்னும் பறக்கும் மீன்களும் உயிர் பிழைக்க மேற்பரப்புக்குப் பாய்கின்றன. அந்தக் கணத்தில் ஆலாக்கள் தாழ்ந்து, உடல் நனையாமல், அலகால் கவ்விக்கொண்டு மேலெழுகின்றன. நீண்டு குறுகிய இறக்கையும் ஆழப் பிளந்த வாலும் இந்த வேலைக்கு ஏற்றவை. பரந்த கடலில் சூரைக் கூட்டம் எங்கே இருக்கிறது என்று தேடவே நெடுந்தூரம் பறந்தாக வேண்டும். குறைந்த உழைப்பில் நெடுநேரம் மிதக்க அதே இறக்கை உதவுகிறது. கடலில் சூரை குறைந்தால் இந்தப் பறவையின் பாடும் திண்டாட்டம்தான். ஏரியில் கெண்டைக் குஞ்சுகள் எத்தனை இருந்தாலும், அவற்றை மேலே துரத்திக் கொடுக்க அங்கே சூரை இல்லை.

குஞ்சு பறக்கத் தொடங்கித் தீவை விட்டுக் கிளம்பினால், மறுபடி தரையில் கால் வைக்கப் பல ஆண்டுகள் ஆகும். நான்கு வயதுக்கு முன் முட்டையிடுவது அபூர்வம், ஆறு முதல் எட்டு வயதில்தான் பெரும்பாலானவை முதன்முதலாகக் கூடு வைக்கின்றன. கூடு என்பதும் மணலில் ஒரு பள்ளம், அதில் ஒரே ஒரு முட்டை. இப்படி மெதுவாகப் பெருகும் பறவை நீண்ட ஆயுள் கொண்டதாகத்தான் இருக்க முடியும். ஆய்வுக்காகக் காலில் வளையமிட்ட பறவைகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருப்பது தெரியவந்துள்ளது. இந்தியாவில் இது முட்டையிடும் இடங்களில் முக்கியமானது லட்சத்தீவில் கவரத்திக்கு அருகே இருக்கும் பிட்டி என்னும் சின்னஞ்சிறு மணல்திட்டு; பறவைகளுக்காகவே காப்பிடமாக அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டில் மனிதர் யாரும் குடியில்லை. அட்லாண்டிக் நடுவே உள்ள அசென்ஷன் தீவில் இவை பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை அல்லாமல், ஏறத்தாழ ஒன்பதரை மாதங்களுக்கு ஒருமுறை முட்டையிடக் கூடுகின்றன. பருவத்தை வைத்துப் பறவைகளைக் கணக்கிடும் நமக்கு இது பழக்கமில்லாத கணக்கு.

வழி அறிவதிலும் இவை தேர்ந்தவை. உளவியலாளர் ஜான் வாட்சன் 1907-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவை அடுத்த ட்ரை டார்டுகாஸ் தீவுகளில் கூடு வைத்திருந்த சில கருமுதுகு ஆலாக்களையும் நாடிகளையும் கப்பலில் ஏற்றி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் வடக்கேயுள்ள ஹட்டராஸ் முனையருகே விடச் செய்தார். சில நாட்களில் அவற்றில் சில கூட்டுக்குத் திரும்பிவிட்டன. ஆகவே வேலூரில் விழுந்த பறவைக்கு 120 கிலோமீட்டர் கிழக்கே உள்ள கடலைக் கண்டுபிடிப்பது ஒரு சிக்கலே அல்ல. அதற்கு இல்லாமற்போனது வலிமைதான்.

அந்த வலிமை எப்படிப் போகிறது என்பதும் தெளிவானதே. புயலின் சுழற்சிக்குள் அகப்பட்ட பறவை எதிர்த்துப் பறந்து வெளியேற முடியாமல், காற்று ஓரளவு தணிந்திருக்கும் நடுப்பகுதியை ஒட்டியே நகர்கிறது. இறங்கி ஓய்வெடுக்கவும் வழியில்லை, கொந்தளிக்கும் கடலில் இரையும் கிடைக்காது. புயல் கரையேறியதும் கடலின் ஈரமும் வெப்பமும் கிடைக்காமல் வலுவிழக்கிறது. காற்று பறவையைக் கைவிடும் இடம் காட்பாடியாகவும் இருக்கலாம், ஜவ்வாது மலையடிவாரமாகவும் இருக்கலாம். அப்போது அதன் உடலில் கொழுப்பு தீர்ந்து, தசையும் கரையத் தொடங்கியிருக்கும். மேற்குக் கரையில் இது தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் நடக்கிறது. கேரள, கர்நாடகக் கடற்கரைகளில் அப்போது இரண்டு வகைக் கடல் ஆலாக்களும் ஒதுங்குவதுண்டு. எங்கள் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான் அதற்கான காலம்.

அந்தப் பறவையை மறுநாள் காலை வனத்துறையினரிடம் ஒப்படைத்தோம். கால்நடை மருத்துவர் நீர்ச்சத்து ஏற்றிப் பார்த்தார். அன்று இரவே அது இறந்துவிட்டது என்று சொன்னார்கள். பட்டினியில் தசை வற்றிய பறவையை மீட்பது தேர்ந்தவர்களுக்கும் கடினமே. ஆனாலும் ஏரியில் விட்டிருந்தால் அது காகங்களின் கண்ணெதிரே நனைந்து அமிழ்ந்திருக்கும். இளைஞருக்கு அதைத் தொலைபேசியில் சொன்னேன். இனிமேல் ஊரில் யார் எடுத்தாலும் தண்ணீரில் விடாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஆகவே புயலுக்குப் பிறகு கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக ஒரு பறவை கிடந்தால், முதலில் காகங்களையும் நாய்களையும் விலக்குங்கள். அலகு கூர்மையானது, கண்ணுக்கு நேராகப் பிடிக்காதீர்கள். ஒரு துணியைப் போர்த்தி எடுத்து, காற்றுத் துளைகள் போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாகவும் சந்தடியில்லாமலும் வையுங்கள். குளிப்பாட்ட வேண்டாம். பால், சோறு, ரொட்டி எதுவும் வேண்டாம்; வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கடைத்தெருவில் நெத்திலி கிடைக்கிறது என்பதற்காக நாமாகவே ஊட்டுவதும் சரியல்ல, பட்டினி உடலுக்கு முதலில் நீர்ச்சத்துதான் வேண்டும், அதை மருத்துவர் செய்ய வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பறவையை வீட்டில் வைத்து வளர்க்க முடியாது என்பதால், தாமதிக்காமல் வனத்துறைக்குத் தெரிவித்துவிடுங்கள். தேறிவிட்ட பறவையை விட வேண்டிய இடம் கடற்கரை, அதுவும் இறகுகள் முற்றிலும் உலர்ந்து, அது தானாக இறக்கை அடித்து எழும் நிலைக்கு வந்த பிறகு.

பெட்டியில் வைப்பதற்கு முன் சில படங்களை மட்டும் விரைந்து எடுத்துவிடுங்கள். தலையைப் பக்கவாட்டில், கண்ணும் நெற்றியும் தெளிவாகத் தெரியும்படி ஒன்று. பிடரியும் முதுகும் சேர்ந்து ஒன்று, முடிந்தால் உலர்ந்த பிறகு அதையே மறுபடியும். மார்பும் வயிறும் தெரிய ஒன்று, வாலின் ஓர இறகுகள் தெரிய ஒன்று. நிழலான, சீரான வெளிச்சம் போதும். பிளாஷ் வேண்டாம், அது பழுப்பையும் கறுப்பையும் ஒன்றாக்கிவிடும், பறவையையும் மிரட்டும். இறந்து கிடந்தாலும் இதே படங்களை எடுங்கள், வெறுங்கையால் தொடாமல். எந்த ஊர், எந்த ஏரி அல்லது வயல், என்ன தேதி, புயல் கரை கடந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைப் படத்தோடு எழுதி வையுங்கள். கடற்கரையே இல்லாத எங்கள் மாவட்டங்களிலிருந்து அப்படி வரும் ஒவ்வொரு பதிவும், எந்தப் புயல் எந்த இனத்தை எவ்வளவு தூரம் உள்ளே தள்ளியது என்பதைக் கணக்கிடப் பயன்படும்.